பத்தாவதோடு கபடியும் நிற்க வேண்டுமா?



போன இதழில் பத்தாவது முடித்த பிள்ளைகளுக்கான ஐ.டி.ஐ. படிப்புகளைப் பற்றிப் பார்த்தோம். அதைச் சங்கக் கூட்டங்களில் வாசித்தபோது இரண்டு மூன்று ஊர்களில் ஒரே கேள்வி வந்தது. "எம் பொண்ணு படிப்புல சுமாருதான். ஆனா கபடின்னா முன்னால நிப்பா. பிளஸ் ஒன்னுல அவளுக்கு என்ன இருக்கு?" இன்னொரு அக்கா, "இருக்கு என்ன? நிறுத்த வேண்டியதுதான். வயசுக்கு வந்த புள்ளைய இன்னும் அரை டவுசரோட மைதானத்துக்கு அனுப்புவாங்களா?" என்றார். கூட்டம் சிரித்தது. கேள்வி கேட்ட தாய் மட்டும் சிரிக்கவில்லை.

அந்தத் தாய்க்குப் பதில் சொல்லத்தான் இந்த இதழின் கல்விப் பக்கம். விளையாட்டையே ஒரு பாடமாக, ஒரு தொழிலுக்கான படிப்பாக, 11, 12-ம் வகுப்புகளில் படிக்க முடியுமா? எங்கே முடியும்? அதில் என்ன சொல்லித் தருகிறார்கள்? நம் பக்கத்துப் பள்ளியில் இல்லாவிட்டால் என்ன செய்வது? இதையெல்லாம் பார்ப்போம். கொஞ்சம் நீளமான பாடம். ஒரே கூட்டத்தில் முடியாவிட்டால் இரண்டு கூட்டத்தில் வாசியுங்கள்.

எந்த இடத்தில் நிற்கிறது?

நாங்கள் பள்ளிகளுக்குப் போகும்போது உடற்கல்வி ஆசிரியர்கள் சொல்வது இதுதான். எட்டாவது, ஒன்பதாவது வரை பெண் பிள்ளைகள் நன்றாக ஆடுகிறார்கள். பத்தாவது வந்ததும் "பரிச்சை இருக்கு" என்று நிறுத்துகிறார்கள். பரீட்சை முடிந்த பிறகு திரும்ப வருவதில்லை. பத்தாவதில் ஒரு வருடம் நின்ற காலை மறுபடி மைதானத்துக்குக் கொண்டுவருவது ரொம்பக் கஷ்டம் என்கிறார்கள்.

காரணங்களும் நமக்குத் தெரிந்தவைதான். வெயிலில் கறுத்துப்போவாள், கை காலில் தழும்பு விழும், மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்கள், வெளியூர் போட்டிக்கு யாரை நம்பி அனுப்புவது. இதில் கடைசிக் காரணம் நியாயமானது, அதற்குப் பின்னால் வருவோம். முதல் மூன்றையும் பற்றி எங்களுக்கு ஒன்றுதான் கேட்கத் தோன்றுகிறது. களையெடுக்கப் போகும்போது அதே வெயில்தானே? அங்கே யாரும் நிறத்தைப் பற்றிப் பேசுவதில்லையே?

இன்னொரு காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. விளையாட்டு என்பது படிப்பில்லை, பொழுதுபோக்கு என்று நாம் நினைக்கிறோம். பையன் ஆடினால் சரி, பெண் பிள்ளைக்குப் பொழுது ஏது? வீட்டில் பாத்திரம் கிடக்கிறது. ஆகவே முதலில் அது படிப்பா இல்லையா என்று பார்த்துவிடுவோம்.

பாடமாக எங்கே இருக்கிறது?

தமிழ்நாட்டில் பிளஸ் டூ முறை வந்தது 1978-ல். அப்போதிருந்தே தொழிற்கல்விப் பிரிவும் இருக்கிறது. வேளாண் அறிவியல், செவிலியம், ஜவுளியும் ஆடை வடிவமைப்பும், அலுவலக மேலாண்மை, மின் பொறியியல் என்று நம் பிள்ளைகள் பலர் படித்திருக்கிறார்கள். ஆனால் நம் வட்டாரத்து அரசுப் பள்ளிகள் எதிலும் விளையாட்டு என்று தனிப் பிரிவு இல்லை. வாரத்தில் சில பி.டி. பீரியட் உண்டு. பிளஸ் டூவில் அதையும் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வார், இது ஊருக்கே தெரிந்த கதை.

மத்திய பாடத்திட்டமான சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் நிலைமை வேறு. அங்கே 11, 12-ம் வகுப்பில் 'உடற்கல்வி' மற்றப் பாடங்களைப் போலவே ஒரு விருப்பப் பாடம். எழுத்துத் தேர்வு 70 மதிப்பெண், செய்முறை 30 மதிப்பெண். பாடப் புத்தகம் உண்டு, ரெக்கார்டு நோட்டு உண்டு. இதைத் தவிர 'பிசிக்கல் ஆக்டிவிட்டி டிரெய்னர்' என்று தொழிற்கல்விப் பாடமும் வைத்திருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு விளையாட்டும் உடற்பயிற்சியும் சொல்லித்தரும் வேலைக்குத் தயார் செய்வது அது. எல்லா சி.பி.எஸ்.இ. பள்ளியிலும் இந்த இரண்டும் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பாடத்திட்டத்தில் இருப்பது ஒன்று, அந்தப் பள்ளி நடத்துவது ஒன்று. சேர்க்கும் முன் நேரில் கேட்க வேண்டும். இந்தப் பாடத்துக்காக மட்டும் கடன் வாங்கித் தனியார் பள்ளிக்கு மாற்றாதீர்கள் என்பது எங்கள் கருத்து. காரணம் கீழே வருகிறது.

அந்தப் புத்தகத்தில் என்ன இருக்கிறது?

ஓடு, குதி என்று எழுதியிருக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். 12-ம் வகுப்பு உடற்கல்விப் பாடத்தில் போட்டிகளை நடத்தும் முறை, பெண்களும் குழந்தைகளும் விளையாட்டில், யோகா, மாற்றுத்திறனாளிகளுக்கான விளையாட்டு, உணவு, உடல்திறனை அளப்பது, தசையும் இதயமும் நுரையீரலும் வேலை செய்யும் விதம், காயங்கள், மனப்பயிற்சி, பயிற்சித் திட்டம் என்று வரிசையாக இருக்கிறது. மூன்றை மட்டும் எடுத்துச் சொல்கிறோம். உங்கள் பெண் இந்தப் பாடம் படிக்கவில்லை என்றாலும் நமக்கு இவை உதவும்.

முதலாவது, போட்டி அட்டவணை. பொங்கலுக்கு நம் கூட்டமைப்பில் 11 சங்கங்கள் கபடிக்குப் பேர் கொடுத்தன என்று வைத்துக்கொள்வோம். தோற்றவர் வெளியே போகும் 'நாக் அவுட்' முறையில் எத்தனை ஆட்டம்? ஒரு ஆட்டத்துக்கு ஒரு அணி வெளியே போகும். கடைசியில் ஒரே அணி மிஞ்ச வேண்டும். ஆகவே 10 ஆட்டம். எல்லாரும் எல்லாரோடும் ஆடும் 'லீக்' முறை என்றால் 11-ஐ 10-ஆல் பெருக்கி இரண்டால் வகுக்க வேண்டும். 55 ஆட்டம். ஒரே நாளில் முடியுமா? முடியாது. நாக் அவுட்டிலும் ஒரு சிக்கல் உண்டு. ஜோடி சேர்த்துக்கொண்டே போக 2, 4, 8, 16 என்ற கணக்கு வேண்டும். 11-க்கு அடுத்தது 16. வித்தியாசம் 5. அந்த 5 அணிகளுக்கு முதல் சுற்றில் 'பை' கொடுத்து, ஆடாமலே அடுத்த சுற்றுக்கு அனுப்புவார்கள். யாருக்கு பை என்று சீட்டுக் குலுக்க வேண்டும். இல்லையென்றால் "தலைவி சங்கத்துக்கு மட்டும் பையா?" என்று சண்டை வரும். (வந்தது.)

மைதானம் போடுவதும் பாடம்தான். பெண்கள் கபடிக் களம் 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். ஆண்களுக்கு 13-க்கு 10. ஒரு அணிக்கு 12 பேர், களத்தில் 7 பேர். பெண்களுக்கு 15 நிமிடம் வீதம் இரண்டு பாதி, நடுவில் 5 நிமிடம் ஓய்வு. இதைச் சரியாக அளந்து கோடு போடவும் விசில் ஊதவும் தெரிந்த பெண் எத்தனை ஊரில் இருக்கிறாள்? திருவிழா மேட்சுக்கெல்லாம் நடுவர் ஆண்கள்தான். அதற்கும் ஒரு கூலி உண்டு என்பதைக் கவனித்தீர்களா?

இரண்டாவது, காயம். கால் பிசகினால் நாம் உடனே என்ன செய்கிறோம்? எண்ணெய் போட்டு உருவுகிறோம், சுளுக்கு எடுப்பவரிடம் இழுக்கச் சொல்கிறோம். பாடம் இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. அடிபட்டதும் ஆட்டத்தை நிறுத்த வேண்டும். துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை 15 முதல் 20 நிமிடம் வைக்க வேண்டும், வெறும் ஐஸைத் தோலில் வைக்கக் கூடாது. ரொம்ப இறுக்காமல் கட்டுத் துணியால் சுற்ற வேண்டும். காலை நெஞ்சு உயரத்துக்கு மேலே தூக்கித் தலையணையில் வைக்க வேண்டும். முதல் இரண்டு நாள் சூடு ஒத்தடமும் உருவுதலும் கூடாது, உள்ளே கசியும் ரத்தம் அதிகமாகி வீக்கம் கூடும். காலை ஊன்றவே முடியவில்லை, எலும்பு மேலே தொட்டால் வலிக்கிறது என்றால் எக்ஸ்ரே எடுக்கப் போய்விட வேண்டும். களத்து மேட்டில் வழுக்கி விழும் நமக்கும் இதே வைத்தியம்தான்.

மூன்றாவது பாடம்தான் தாய்மார்களுக்கு முக்கியம். 'விளையாட்டில் பெண்கள்' என்று அதில் ஒரு பகுதியே இருக்கிறது. நிறையப் பயிற்சி, குறைந்த சாப்பாடு, இரண்டும் சேர்ந்தால் பெண் பிள்ளைக்கு மாதவிடாய் தள்ளிப்போகும், சில பேருக்கு நின்றே போகும். அது நீடித்தால் எலும்பு பலவீனமாகும், சின்ன அடியிலும் விரிசல் விடும். "விளையாட்டுப் புள்ளைக்கு அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடக் கூடாது. மூன்று மாதம் வரவில்லை என்றால் டாக்டரிடம் காட்ட வேண்டும். பெரும்பாலும் சாப்பாட்டைக் கூட்டி, பயிற்சியைக் கொஞ்சம் குறைத்தாலே சரியாகிவிடும். விளையாடினால் கர்ப்பப்பை கெட்டுவிடும், குழந்தை பிறக்காது என்று நம் ஊரில் பேசுவதற்கு எந்த ஆதாரமும் இல்லை. மாதவிடாய் நாட்களில் அவளுக்கு முடிந்தால் விளையாடலாம், முடியாவிட்டால் ஓய்வெடுக்கலாம். அதை அவள்தான் சொல்ல வேண்டும்.

இதோடு சேர்ந்தது ரத்தசோகை. பெண் பிள்ளைக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் ரத்தசோகை. ஓடினால் சீக்கிரம் மூச்சு வாங்கும், கால் தளரும். கோச் "சோம்பேறி" என்று திட்டுவார், உண்மையில் ரத்தம் இருக்காது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்துவிடலாம். பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைப் பாவாடைப் பையில் போட்டுக்கொண்டு வந்து கொல்லையில் வீசும் பிள்ளைகளை நமக்குத் தெரியும். கேட்டு விழுங்க வையுங்கள்.

இன்னொரு சங்கதியையும் பாருங்கள். சத்துணவும் முட்டையும் பத்தாம் வகுப்பு வரைக்கான திட்டம். பிளஸ் ஒன் போனதும் மத்தியான முட்டை நின்றுவிடுகிறது. பயிற்சி அதிகமாகும் அதே வருடத்தில் சாப்பாடு குறைகிறது. விளையாடுகிற பெண்ணுக்கு வீட்டில் தினம் ஒரு முட்டை, ஒரு பிடி வேர்க்கடலை, கேழ்வரகுக் கூழ், முருங்கைக்கீரை, கருவாடு, உளுந்தங்கஞ்சி இதில் முடிந்தது இருக்க வேண்டும். டப்பாவில் விற்கும் புரோட்டீன் பவுடர் வேண்டாம். யாராவது ஊசி, மாத்திரை தருகிறேன் என்றால் கண்டிப்பாக வேண்டாம். ஊக்கமருந்து சோதனையில் மாட்டினால் பல வருடம் தடை, வாங்கிய மெடலும் போகும்.

நம் பள்ளியில் பாடம் இல்லை, என்ன செய்வது?

இங்கேதான் நாம் சோர்ந்துபோகக் கூடாது. விளையாட்டுச் சார்ந்த மேல்படிப்பு எதற்கும் பிளஸ் டூவில் உடற்கல்விப் பாடம் எடுத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பிளஸ் டூ தேர்ச்சியும், விளையாடியதற்கான சான்றும்தான் வேண்டும். அதனால்தான் கடன் வாங்கிப் பள்ளி மாற்ற வேண்டாம் என்றோம். மாநிலப் பாடத்திட்டத்தில் ஏதாவது ஒரு பிரிவில் சேர்த்து, பயிற்சியைத் தொடர்ந்தால் போதும்.

எந்தப் பிரிவு? காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம் மைதானத்தில் நிற்கும் பெண்ணை "முதல் குரூப்புதான் மதிப்பு" என்று தள்ளிவிட்டால் இரண்டும் கெடும். பிசியோதெரபி படிக்க ஆசை என்றால் மட்டும் உயிரியல், வேதியியல், இயற்பியல் உள்ள பிரிவு வேண்டும். மற்றபடி அவளால் முடிந்த பிரிவே நல்ல பிரிவு. தொழிற்கல்வியில் செவிலியம் எடுத்தால் உடம்பைப் பற்றிய பாடம் அதிலேயே வருகிறது. 2025-26 கல்வியாண்டிலிருந்து பிளஸ் ஒன் பொதுத்தேர்வை எடுத்துவிட்டார்கள். விளையாடும் பிள்ளைகளுக்கு அந்த ஒரு வருடம் மூச்சு விட்டுக்கொள்ள நேரம் கிடைத்திருக்கிறது.

அடுத்து, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தும் விளையாட்டு விடுதிகள். பெண்களுக்குத் தனி விடுதிகள் ஈரோடு, நாமக்கல், தர்மபுரி, தேனி, பெரம்பலூர் போன்ற இடங்களில் உண்டு. 7, 8, 9, 11-ம் வகுப்புகளில் சேருகிறவர்களைத் தேர்வு செய்து எடுப்பார்கள். பத்தாவதில் எடுப்பதில்லை, ஆகவே 11-ம் வகுப்புதான் பள்ளி வயதில் கடைசி வாய்ப்பு. தங்குமிடம், சத்தான சாப்பாடு, உடுப்பு, பயிற்சியாளர் எல்லாம் இலவசம். பக்கத்துப் பள்ளியில் படிப்பார்கள். தேர்வு பெரும்பாலும் பத்தாவது பரீட்சை முடிந்த கோடையில் நடக்கும். அறிவிப்பு வந்து சில நாட்களிலேயே தேதி முடிந்துவிடும். மாவட்டத் தலைநகரில் விளையாட்டரங்கத்திலேயே மாவட்ட விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலர் இருக்கிறார். மார்ச் மாதமே போய்க் கேட்டு வைத்துவிடுவது நல்லது. ஆபீசுக்குப் போகக் கூச்சமாக இருந்தால் ஊக்குநரைக் கூட்டிக்கொண்டு போங்கள். பேங்குக்குப் போகவே பயந்த நாம்தானே இன்றைக்கு மேனேஜரிடம் எதிர்க் கேள்வி கேட்கிறோம்.

விடுதி கிடைக்காதவர்கள் பள்ளி அணியில் ஆட வேண்டும். குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று குடியரசு தின, பாரதியார் தினப் போட்டிகள் படிப்படியாக நடக்கும். 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் என்று மூன்று பிரிவு. பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகள் பெரும்பாலும் 19-ல் வருவார்கள். பத்தாவதோடு நிறுத்திய பெண்களால் அந்தப் பிரிவில் ஆட்களே குறைவு. தைரியமாகத் தொடர்கிறவளுக்குப் போட்டி குறைவு என்றும் அதைப் பார்க்கலாம்.

மதுரைப் பக்கம் சக்கிமங்கலத்தைச் சேர்ந்த ரேவதி வீரமணியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சின்ன வயதிலேயே அப்பா அம்மா இரண்டு பேரையும் இழந்தவர். ஆரம்மாள் பாட்டிதான் காட்டு வேலை, செங்கல் சூளை வேலை செய்து அவரையும் தங்கையையும் வளர்த்தார். பிள்ளைகளை வேலைக்கு அனுப்பு என்று சொந்தக்காரர்கள் சொன்னபோது பாட்டி கேட்கவில்லை. ரேவதி பிளஸ் டூ படிக்கும்போது வெறுங்காலோடு ஓடியதைப் பார்த்துத்தான் பயிற்சியாளர் கண்ணன் அவரைத் தேடி வந்தார். பாட்டி முதலில் தயங்கினார், அப்புறம் சம்மதித்தார். கல்லூரியில் படித்துக்கொண்டே ஓடினார், ரயில்வேயில் வேலை கிடைத்தது, 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 4-க்கு 400 மீட்டர் கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். பத்தாவதோடு பாட்டி நிறுத்தியிருந்தால் அந்தப் பயிற்சியாளர் கண்ணில் பட்டிருக்க வழியே இல்லை.

நம் கபடிக்கும் ஆள் இருக்கிறார். சென்னை கண்ணகி நகர் கார்த்திகா, 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் ஆடினார். தமிழக அரசு 25 லட்சம் ரூபாய் பரிசு கொடுத்தது. காஞ்சிபுரத்துத் துளசிமதி முருகேசன், இடது கையில் குறைபாடு உள்ளவர், 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் பேட்மிண்டனில் வெள்ளி வாங்கினார். கால்நடை மருத்துவப் படிப்பையும் அவர் விடவில்லை. வீட்டில் மாற்றுத்திறனாளிப் பெண் இருந்தால் இந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

சான்றிதழில்தான் பலர் ஏமாறுகிறார்கள்

ஒரு வீட்டில் டிரங்குப் பெட்டி நிறையச் சான்றிதழ் வைத்திருந்தார்கள். ஊர்த் திருவிழா, ரசிகர் மன்றம், தனியார் கிளப், கட்சிக்காரர் பிறந்தநாள் கோப்பை. பார்க்க அழகாக இருந்தது. வேலைக்கு மனுப் போடும்போது அதில் ஒன்றுகூடச் செல்லவில்லை.

வேலைவாய்ப்பில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்குப் படிவம் 1, 2, 3, 4 என்று கேட்பார்கள். இந்தியாவுக்காக ஆடியிருந்தால் படிவம் 1. மாநில அணிக்காகத் தேசியப் போட்டியில் ஆடியிருந்தால் படிவம் 2. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி என்றால் படிவம் 3. மாநிலப் பள்ளி அணிக்காகத் தேசியப் பள்ளி விளையாட்டில் ஆடியிருந்தால் படிவம் 4. பிளஸ் ஒன், பிளஸ் டூவில் நம் பெண் எட்டிப் பிடிக்கக் கூடியது பெரும்பாலும் இந்த நாலாவது. 19 வயதுப் பிரிவு ஏன் முக்கியம் என்று இப்போது புரிகிறதா? பள்ளியை விட்டுவிட்டால் படிவம் 4-க்கான கதவு சாத்திக்கொள்ளும். ஒவ்வொரு வேலைக்கும் எந்தப் படிவம் செல்லும், எந்த விளையாட்டு செல்லும் என்பது அந்தந்த அறிவிப்பில் இருக்கும். ஆகவே கிளப் கோப்பைகளை ஆடட்டும், அனுபவம்தான். ஆனால் அதே தேதியில் பள்ளிப் போட்டி வந்தால் பள்ளிப் போட்டிக்கே அனுப்புங்கள். பரிசுப் பணத்தைப் பார்த்துவிட்டு மாற்றி அனுப்பியவர்கள் இருக்கிறார்கள்.

பெயர் விஷயம் இன்னொன்று. பள்ளிச் சான்றில் ஒரு இனிஷியல், ஆதாரில் ஒரு இனிஷியல், பிறப்புச் சான்றில் பெயரே இல்லை. மாநிலத் தேர்வுக்குப் போன ஒரு பெண்ணை இதற்காகவே திருப்பி அனுப்பினார்கள். பத்தாவது மார்க் ஷீட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே மற்றதையும் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். முதலமைச்சர் கோப்பை போன்ற மாவட்ட, மாநிலப் போட்டிகளுக்குப் பதிவு செய்யும்போதும் இதே பெயர்தான் வர வேண்டும்.

பிளஸ் டூவுக்குப் பிறகு

உடற்கல்வியில் 3 வருடப் பட்டம் இருக்கிறது, 2 வருட டிப்ளமோவும் இருக்கிறது. வேறு ஏதாவது பட்டம் முடித்து, விளையாட்டுச் சான்றும் இருந்தால் 2 வருட பி.பி.எட். படிக்கலாம். சென்னையில் 1920-ல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி, மேலக்கோட்டையூரில் இருக்கும் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம், அதன் கீழ் வரும் கல்லூரிகள் எல்லாம் இதற்குத்தான். பட்டம் முடித்துப் பயிற்சியாளராக விரும்பினால் பாட்டியாலாவில் தேசிய விளையாட்டு நிறுவனம் நடத்தும் டிப்ளமோ இருக்கிறது. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு என்று தனியாக 500 இடம் வைத்திருக்கிறார்கள். தமிழ்நாடு அரசு வேலைகளில் 3 சதவீதமும், காவலர், எஸ்.ஐ. தேர்வில் 10 சதவீதமும் விளையாட்டு ஒதுக்கீடு.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பொய் நம்பிக்கை கொடுக்க எங்களுக்கு மனம் இல்லை. பி.டி. டீச்சர் வேலைக்குப் படித்துவிட்டுக் காத்திருப்பவர்கள் ஏராளம். ஒதுக்கீட்டிலும் மெடல் வாங்கியவருக்கே முதலிடம். ஆடுகிற நூறு பேரில் வேலை வாங்குவது சில பேர்தான். மற்றவர்களுக்கு என்ன மிச்சம்? பிளஸ் டூ முடித்த சான்றிதழ் மிச்சம். பதினேழு வயதில் கல்யாணம் பேசாமல் தள்ளிப்போன இரண்டு வருடம் மிச்சம். மாவட்டம் விட்டு மாவட்டம் பஸ் ஏறிப் போய் வந்த பழக்கம் மிச்சம். எங்கள் கணக்கில் இது நஷ்டமில்லை.

செலவும் பயமும்

ஒரு சங்கத்தில் மகளுக்கு ஸ்பைக் ஷூ வாங்க 2,500 ரூபாய் உள்கடன் கேட்டார் ஒரு உறுப்பினர். "செருப்புக்கெல்லாம் கடனா?" என்று ஆட்சேபம். அரை மணி நேரம் வாக்குவாதம். கடைசியில் தீர்மான நோட்டில் 'கல்விச் செலவு' என்று எழுதிக் கொடுத்தார்கள், பத்துத் தவணையில் திரும்பியும் வந்துவிட்டது. காது குத்துக்குக் கொடுக்கிறோம், இதற்குக் கொடுக்கக் கூடாதா? வெளி மாநிலப் போட்டிக்குப் பயணச் செலவு, உபகரணம் என்று பெரிய தொகை வந்தால் 2023-ல் தொடங்கிய தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளைக்கு மனுச் செய்யலாம். அதற்கும் விளையாட்டு அலுவலர்தான் வழி சொல்வார்.

பாதுகாப்புப் பற்றிய பயம் நியாயமானது என்று முன்னாலேயே சொன்னோம். அதற்குப் பிள்ளையை நிறுத்துவது பதில் இல்லை, கேள்வி கேட்பதுதான் பதில். வெளியூர்ப் போட்டிக்குப் பெண் ஆசிரியரோ, பெற்றோரில் ஒரு அம்மாவோ கூடப் போகிறாரா? இரவு எங்கே தங்குகிறார்கள்? கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா, கழிப்பறை உண்டா? பயிற்சி என்ற பேரில் தனியாகக் கூப்பிடுவது, போனில் தேவையில்லாத மெசேஜ் அனுப்புவது, தொட்டுப் பேசுவது, இதெல்லாம் நடந்தால் பிள்ளை வீட்டில் சொல்ல வேண்டும். சொன்னால் நாம் "இதுக்குத்தான் அப்பவே சொன்னேன்" என்று அவளைத் திட்டக் கூடாது. திட்டினால் அடுத்த முறை சொல்ல மாட்டாள். பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கு 2012-ல் வந்த போக்சோ சட்டம் இருக்கிறது. 1098-க்கு எந்த நேரத்திலும் போன் செய்யலாம், காசு கிடையாது.

வீட்டு வேலை பாக்கி இருக்கிறதே என்பீர்கள். காலை ஐந்தரைக்குப் பயிற்சிக்குப் போகிற பெண் வந்து பாத்திரம் தேய்த்து, தண்ணீர் தூக்கி, அப்புறம் பள்ளிக்குப் போனால் வகுப்பில் தூங்கத்தான் செய்வாள். தம்பி தண்ணீர் எடுத்தால் குடம் ஒன்றும் கோபித்துக்கொள்ளாது.

அடுத்த கூட்டத்துக்கு

ஒவ்வொரு சங்கத்திலும் 9, 10, 11-ம் வகுப்பில் விளையாடும் பெண்கள் யார் யார் என்று பிரதிநிதிகள் ஒரு தாளில் எழுதி வாருங்கள். பெயர், வகுப்பு, விளையாட்டு, கடைசியாக ஆடிய போட்டி இவ்வளவு போதும். வீட்டில் பையிலும் பெட்டியிலும் கிடக்கும் சான்றிதழ்களையும், ஆதார், பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று நகல்களையும் கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். உடற்கல்வி ஆசிரியை ஒருவரை அழைத்திருக்கிறோம். எது எந்தப் படிவத்துக்குச் செல்லும், யார் பெயரில் திருத்தம் வேண்டும் என்று உட்கார்ந்து பிரித்துவிடுவோம். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். அரை டவுசர் பற்றிக் கேட்ட அக்காவும் கட்டாயம் வர வேண்டும், அவர் பேத்தி எட்டாவதில் நீளம் தாண்டுகிறாள் என்று கேள்வி.